எனக்குப் பதிலாகப் பேசியவள்

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். போனில் ஆர்டர் எடுப்பதுதான் என் வேலை. வெளியூர் வியாபாரிகள் பலர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு என் குரல்தான் தெரியும். அந்தக் குரல்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் சிக்கத் தொடங்கியது.

“ஆர்டர்” என்று ஆரம்பித்தால் ‘ஆ’ வெளியே வராது. யாரோ குரல்வளையை நெரித்து நெரித்து விடுவதுபோல் அறுந்து அறுந்து வரும். ஆனால் சிரித்தால் ஒன்றும் இல்லை. குசுகுசுவென்று பேசினாலும் ஒன்றும் இல்லை. போனை எடுத்தால்தான் மோசம். அதனால் நடிக்கிறேன் என்றுகூட ஆபீசில் பேச்சு வந்தது. உள்ளூர் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, “வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?” என்று கேட்டார்.

பக்கத்து மேஜையில் பில் போடும் பெண் தாயில்பட்டிக்காரி. என்னைவிட எட்டு வயது சின்னவள். ஒரு நாள் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவரிடம் நான் திணறிக்கொண்டிருந்தபோது கையை நீட்டினாள்.

“குடுங்கக்கா, நான் பேசுறேன்.”

கொடுத்தேன். “அம்புட்டுப் பெட்டியும் ஒரே லோடுல வந்துரும்ணே” என்றாள். அது நான் வழக்கமாகச் சொல்வது. ‘ணே’யை இழுத்ததுகூட என் இழுப்புத்தான். எதிர்முனையில் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

ஒரே வாரத்தில் முதலாளி போனை அவள் மேஜைக்கு மாற்றினார். பில் வேலை எனக்கு வந்தது. நாள் முழுக்க அவள் தடங்கலில்லாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்காகவே பிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொண்டுவருவாள். அதைக் குடித்துக்கொண்டே, இவளுக்கு ஒரு சளியாவது பிடிக்கக் கூடாதா என்று நினைப்பேன்.

கடைசியில் மதுரையில் ஒரு பெண் டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். “உங்க மனசுல ஒரு கோளாறும் இல்ல. குரல்வளைத் தசை தன்னால இறுகுது. போடாக்ஸ் ஊசி போட்டா கொஞ்சம் தளரும். ஆனா மூணு நாலு மாசம்தான் நிக்கும். மறுபடி போடணும்” என்றார். நடிகைகள் முகத்துக்குப் போடுவதாகக் கேள்விப்பட்ட அதே மருந்து.

கழுத்தின் முன்பக்கம் ஊசி இறங்கியது. “ஈன்னு சொல்லுங்க” என்றார். நான் சொன்னபோது ஊசியோடு ஒயரால் இணைத்திருந்த மெஷின் கரகரவென்று இரைந்தது. தசை அகப்பட்டுவிட்டது என்று அர்த்தமாம். மருந்தைச் செலுத்தினார். இருமல் வந்தது. அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் வெறும் காற்றுத்தான் வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. மூன்றாவது வாரம், எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் பஸ் ஏறி “சிவகாசி ஒண்ணு” என்றேன். கண்டக்டர் திருப்பிக் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

போன் திரும்ப என் மேஜைக்கு வந்தது. அவளே தூக்கிவந்து வைத்தாள். அன்று மத்தியானம் அவள் குடோனுக்குப் போயிருந்த நேரத்தில் கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார். என் குரலைக் கேட்டதும், “அந்தப் புள்ள இல்லீங்களா?” என்றார்.

“அது வேலைய விட்டு நின்னுருச்சுண்ணே” என்றேன்.

ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை.

நான்கு மாதத்தில் டாக்டர் சொன்னபடியே மருந்தின் வேகம் குறைந்தது. தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர் மறுபடி கூப்பிட்டபோது எனக்கு வார்த்தை வரவில்லை. அவள் வாங்கிப் பேசினாள். “நானா? நான் எங்கண்ணே நின்னேன், இங்கனதான இருக்கேன்” என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் பக்கம் ஒரு பார்வை. பிறகு ஆர்டரை முழுக்க எழுதி முடித்தாள்.

குசுகுசுப்பை என் நோய் தடுப்பதில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் சாப்பிடும்போதுதான் சொன்னேன். “நான்தான் அப்படிச் சொன்னேன்.”

“தெரியும்க்கா. வேற யாரு எடுத்திருப்பா?” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “எனக்கும் அந்தப் போன் வேணும்னுதான் இருந்துச்சு. நீங்க ஊசி போட்டு வந்த அன்னைக்கு, குரல் வரலேன்னதும் உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்தேன்.”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இருவரும் கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனோம்.

இப்போது சீசனைக் கணக்குப் பார்த்து ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆவணி, புரட்டாசியில் போன் எனக்கு. மருந்து குறையும் வாரங்களில் அவளுக்கு. அவள் பேசும்போது எதிர்முனையில் யாராவது சிரித்தால் பில் எழுதும் என் கை இன்னமும் நின்றுவிடுகிறது.