ஆறாம் விதியில் விட்டுப்போன பாதி

முப்பத்தொரு வருஷமாக அரசாங்க அலுவலகத்தில் சுற்றறிக்கை படித்துப் பிழைக்கிறவன் நான். 'மேற்படி', 'மேற்காணும்', 'அறிவிக்கப்படுவது யாதெனில்' எதுவும் என்னைக் குழப்பியதில்லை. என்னைக் குழப்பியது ஹேண்ட்பால். அதுவும் ஆணும் பெண்ணும் கலந்து, தகரக் கூரைக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் காலனிக்காரர்கள் பொழுதுபோக்காக ஆடுகிற ஹேண்ட்பால். பொழுதுபோக்குக்கு எதற்கு இத்தனை விதி என்று முதல் நாள் கேட்டவனும் நான்தான், பிறகு அந்த விதிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவனும் நான்தான்.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் காலனியில் குடியிருக்கும் பி.டி. டீச்சர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. காலனியில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. வாக்கிங் போங்கள் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்த நேரத்தில், "நடந்தா போரடிக்கும் சார், ஆடுவோம்" என்றார் டீச்சர். வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டி, ரிங் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு ஷட்டில் கோர்ட்டை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரத்துக்குப் பேசி வாங்கினார். ஷட்டில் வலைகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குழாயில் கோல் கம்பம் நட்டுப் பின்னால் வலை கட்டினோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மஞ்சள் டேப்பில் ஒரு அரைவட்டம். காலைப் பூசை முடித்த கையோடு டீச்சர் விசிலை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவர் நடுவர். நான் நேரமும் ஸ்கோரும் பார்ப்பேன். என்னால் ஓட முடியாது என்றில்லை, நான் ஓடினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

டீச்சர் கொடுத்த விதிப் புத்தகம் ஒன்பது பக்க இங்கிலீஷ் ஜெராக்ஸ். "ஒரே பக்கத்துல சுருக்கித் தாங்க சார், செவத்துல ஒட்டிருவோம்" என்றார். சுருக்குவதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்த ஒன்பது பக்கத்தோடு நான் பட்ட பாடு எந்தக் கோப்போடும் பட்டதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று எட்டுதான் வைக்கலாம். சரி. ஆனால் தரையில் ஒரு தட்டு தட்டிப் பிடித்தால் இன்னொரு மூன்று எட்டு. மூன்று விநாடிக்கு மேல் பந்தைச் சும்மா வைத்திருக்கக் கூடாது. முட்டிக்குக் கீழே பந்து பட்டால் தப்பு. எதிராளி வேண்டுமென்றே காலில் எறிந்தால் தப்பில்லை. அவன் வேண்டுமென்றுதான் எறிந்தான் என்பதை யார் சொல்வது?

எதிராளியை உடம்பால் மறிக்கலாம், கையால் பிடிக்கக் கூடாது என்று ஒரு விதி. இதைச் சுவரில் படித்துவிட்டு எங்கள் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மதினியை எப்படி உடம்பால் மறிப்பது? ஆக, எந்தப் பெண் பந்தோடு வந்தாலும், "வாங்க வாங்க" என்று கல்யாணப் பந்தியில் இடம் விடுகிற மாதிரி ஒதுங்கி நின்றார்கள். டீச்சர் விசிலைத் துப்பிவிட்டு, "மறிங்கய்யா, ஏன் கும்பிடுறீங்க!" என்று கத்துவார்.

ஆறு பேர் கொண்ட அணியில் எந்நேரமும் மூன்று பெண்களாவது களத்தில் இருக்க வேண்டும் என்பது டீச்சர் சேர்த்த விதி. பெண்கள் போடும் கோலுக்கு இரண்டு புள்ளி என்பது நானாகச் சேர்த்தது. நல்லது செய்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அந்தத் தாளை ஒட்டுவதற்கு முன்னால் வீட்டில் மேஜைமேல் வைத்திருந்தேன். காபி வைக்க வந்த என் மனைவி நின்றபடியே படித்தாள்.

"பொம்பளைங்க கோலுக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒரு சலுகைதான்."

"அவங்க எறியிறது என்ன ரெண்டு பந்தா? எடுத்துருங்க."

"உனக்கென்ன தெரியும் ஹேண்ட்பாலப் பத்தி?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையைப் புரிந்துகொள்ளாமல் நான் காபியைக் குடித்தேன். பிறகுதான் சொன்னாள். பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மூன்று வருஷமும் திருப்பரங்குன்றத்தில் அவளுடைய பள்ளிக்கூட அணியில் இடது ஓரத்தில் ஆடியவளாம். பஸ் ஏறி எழுமலை வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொன்னேன். பாட்டு தெரியுமான்னு உங்கம்மா கேட்டாங்க. பாட்டு தெரியாது, ஹேண்ட்பால் தெரியும்னேன். எங்க சித்தி தொடையில கிள்ளுனாங்க. நீங்க சிரிச்சீங்க."

சிரித்தது ஞாபகம் இருக்கிறது. நல்லாத் தமாஷாகப் பேசுகிற பெண் என்று நினைத்துத்தான் சிரித்தேன். அந்தத் தமாஷுக்காகத்தான் அவளைப் பிடித்தது என்றுகூட நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவள் தமாஷே பண்ணவில்லை என்று இப்போது தெரிந்தால் நான் என்ன செய்வது?

இரண்டு புள்ளியைத் தாளிலிருந்து அடித்துவிட்டேன். அடுத்த வாரமே அவள் களத்தில் இறங்கினாள். சுடிதார், கேன்வாஸ் ஷூ, வலது முட்டியில் உறை. அந்த முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறுவதைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை நினைவுபடுத்தினேன். ஒரு தடவை இல்லை, பத்து தடவை.

"ஒரே ஒரு கோல் போடணும்" என்றாள். "இந்த உடம்பு இன்னும் நான் சொல்றதக் கேக்குதான்னு பாக்கணும். ஒண்ணு போட்டுட்டா, அப்புறம் உங்க டாக்டர் சொல்றதக் கேட்டுக்கிறேன்."

ஆறு வாரம் ஆகியும் அந்த ஒன்று விழவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பழைய பந்தை எறிந்து எறிந்து பழகுவாள். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பேங்க் தம்பி, "மதினி ப்ராக்டிஸ் ஆரம்பிச்சுட்டாங்க, மணி அஞ்சரை" என்று பால்கனியிலிருந்து கேலி செய்வான். அவன் எதிரணியில் நன்றாக ஆடுகிறவன். களத்தில் அவள் எறிந்ததெல்லாம் கம்பத்தில் பட்டது, கோல்கீப்பர் காலில் பட்டது, ஒரு தடவை டியூப் லைட்டில் பட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னால் தோளைப் பிசைந்தபடி வருவாள். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருக்கும். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அவள் கோல் போடாத வரைக்கும் அவள் எனக்குத் தெரிந்த அதே ஆள் என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

ஏழாவது ஞாயிறு டீச்சர் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். முந்தின நாளே என்னிடம் விசிலைக் கொடுத்து, "கோல்னா ரெண்டு குட்டி விசில் சார். தப்புன்னா ஒரே நீள விசில். அம்புட்டுத்தான்" என்றார். அம்புட்டுத்தானா என்று அன்றைக்குக் காலையில் தெரிந்தது. பன்னிரண்டு பேர், இருபத்து நாலு கால், ஒரு பந்து. எட்டை எண்ணினால் விநாடி விட்டுப்போகிறது. விநாடியை எண்ணினால் யார் யாரைப் பிடித்து இழுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு நேரத்தில் இரண்டு அணியும் என்னைப் பார்த்துக் கத்தியது. இரண்டு தரப்பு சொன்னதும் சரியாகத்தான் பட்டது எனக்கு.

ஆட்டம் முடிய அரை நிமிஷம் இருக்கும்போது ஒன்பதுக்கு ஒன்பது. இடது ஓரத்தில் என் மனைவியிடம் பந்து வந்தது. ஒரு தட்டு, மூன்று எட்டு, சரியாக எண்ணினேன். பேங்க் தம்பி மறிக்க வந்தான். நிஜமாகவே மறித்தான், ஒதுங்கவில்லை. அவள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே இடது காலை ஊன்றி எகிறினாள். ஐம்பது வயதை நெருங்குகிற பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், என் வீட்டில் பரணிலிருந்து டப்பா எடுக்க என்னைக் கூப்பிடுகிறவள், அரைவட்டத்துக்கு மேலே அந்தரத்தில் இருந்தாள். பிறகு உள்ளே தொப்பென்று விழுந்தாள். பந்து வலையில் கிடந்தது.

நான் நீளமாக ஒரு விசில் அடித்தேன்.

"கோட்டுக்கு உள்ள! ஆறாவது விதி!" என்று கத்தினேன். கோல்கீப்பர் தவிர வேறு யாரும் அரைவட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, சுவரில் என் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது. அவள் அணிக்காரர்கள், "என்னண்ணே இது, சொந்த வீட்டுக்கே துரோகமா!" என்றார்கள். சொந்தக்காரி என்று பார்க்காமல் தீர்ப்பு சொல்லிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கெத்தாகக்கூட இருந்தது. அவள் மட்டும் தரையில் உட்கார்ந்தபடி என்னை ஒரு கணம் பார்த்தாள். எழுந்து, பந்தை எடுத்துக் கோல்கீப்பரிடம் உருட்டிவிட்டு, நொண்டாமல் நடந்து போனாள். ஆட்டம் ஒன்பதுக்கு ஒன்பது என்றே முடிந்தது.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் அவரைக்காய் வாங்கினாள். பேரம்கூடப் பேசினாள். கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. கோபமாக இருந்தால் சமாதானம் சொல்லலாம். அவரைக்காய் வாங்குகிறவளிடம் என்ன சொல்வது?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது, பேங்க் தம்பி காலனி குரூப்பில் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டிருந்தான். செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து எடுத்தது. பார்த்தேன். பதினைந்தாவது நிமிஷம் அவன் கோட்டுக்கு வெளியிலிருந்து எகிறி, பந்தை எறிந்துவிட்டு உள்ளே விழுகிறான். நான் இரண்டு குட்டி விசில் அடிக்கிறேன். இருபத்திரண்டாவது நிமிஷம் மறுபடியும் அதே மாதிரி எகிறுகிறான், விழுகிறான். மறுபடியும் இரண்டு குட்டி விசில். எழுந்து உட்கார்ந்து, பீரோவிலிருந்து அந்த ஒன்பது பக்கத்தை எடுத்தேன்.

ஆறாம் விதியில் இரண்டு வாக்கியம் இருந்தது. உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது முதலாவது. பந்து கையை விட்டுப் போனபிறகு உள்ளே விழுந்தால் தப்பில்லை என்பது இரண்டாவது. தாளில் இடம் போதவில்லை என்று நான்தான் இரண்டாவதை வெட்டியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம். சரி, வெட்டிய விதிப்படியே வைத்துக்கொண்டாலும் அவனுடைய இரண்டு கோலும் செல்லாது. வெட்டாத விதிப்படி மூன்றும் செல்லும். நான் தீர்ப்பு சொன்ன மாதிரி எந்த விதிப்படியும் வராது.

அவள் எகிறுகிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவன் எறியும்போது என் தலை பந்தோடு போகிறது. அவள் எறியும்போது என் தலை குனிந்தே இருக்கிறது. அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பந்து வலைக்குப் போனதை நான் பார்க்கவே இல்லை. முட்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் என்று சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதி என்னவென்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அடுப்படியில் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை முன்னால் நீட்டினேன்.

"அது கோல்தான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"விழுகும்போதே தெரியும். பந்தை விட்டப்பெறகுதான விழுந்தேன்."

"அப்ப ஏன் அங்கயே சொல்லல?"

"நடுவர எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு எழுதி ஒட்டுனது யாரு?"

அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"அந்தத் தம்பி ரெண்டு தடவ உள்ள விழுந்துச்சு. அத விட்டீங்க. என்னைய மட்டும் ஏன் பிடிச்சீங்க?"

"உன் முட்டியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கோல் போடும்போது எதுக்கு என் முட்டியப் பாக்குறீங்க? பந்தப் பாருங்க." அவள் குரல் உடைந்தது. "ஆறு வாரமா ஒரு கோலுக்கு... அதையும் வந்து..." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் என் அம்மா பேசியதற்கோ நான் பேசியதற்கோ அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் சொல்லிர்றேன். ஸ்கோரைத் திருத்திருவோம்."

"அதெல்லாம் வேணாம். எல்லாருக்கும் சொல்ல ஒண்ணுமில்ல, அவங்க பாத்தாங்க. நீங்க பாக்கல. நீங்க சொல்லுங்க." மூக்கை உறிஞ்சினாள். "விசில் எங்க?"

சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து வாயில் வைத்தேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. கூச்சமாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலனியே படுத்துக்கிடக்கிற நேரம். அவள் கத்தியைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். மறுபடி ஊதினேன். குட்டியாக இரண்டு.

எதிர்வீட்டு பால்கனிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "என்னண்ணே, வீட்டுக்குள்ளயா? யாரு கோலு?" என்றான் பேங்க் தம்பி.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"ஏங் கோலு தம்பி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.