முழங்கால் இல்லாத செல்லசாமி

செல்லசாமிக்குப் பல வருடமாக ஒரு மனத்தாங்கல். கட்டிய பெண்சாதி அவனுக்கு முழங்கால் வைக்கவில்லை.

நிஜக்காலில் குறையில்லை. அது பாட்டுக்குத் தலவாக்கலை டவுன் வரை நடக்கும். குறை படத்தில்தான். அவன் பெண்சாதி நாகலெட்சுமி கிழமையெல்லாம் தேயிலைக் கொழுந்து பறிப்பாள். ஞாயிறு வந்தால் கறுப்பு அட்டையில் ஆட்களை வெட்டி, கைகால்களை நூல்முடிச்சால் இணைத்து, வெள்ளைத்தாளில் படுக்கவைத்து, துளித்துளியாக நகர்த்தி போனில் படம் பிடிப்பாள். சேர்த்து ஓடவிட்டால் அட்டை மனிதர்கள் நடமாடுவார்கள். கல்யாண வீடுகளுக்குக் காகிதப்பூ வெட்டிய கை அது. ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம், இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், "போன்தான்" என்பாள்.

முதல் படம் அவர்கள் குடும்பத்தைப் பற்றியது. அம்மன் கோயில் திருவிழாவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினார்கள். அதில் நாகலெட்சுமி விறகு பிளந்தாள், அடுப்பு ஊதினாள், துணி துவைத்தாள், மகளுக்குத் தலை வாரினாள். உடம்பெல்லாம் முடிச்சு. செல்லசாமிக்கு ஒரே முடிச்சு, முழங்கையில். கை தட்டுக்குப் போனது, வாய்க்கு வந்தது. படம் முடியும்வரை அதே திருப்பணி. தோட்டமே சிரித்தது. பக்கத்து வீட்டுப் பொன்னையா அன்றிலிருந்து அவனிடம் சுகம் விசாரிப்பதில்லை. "என்ன மச்சான், இன்னும் சாப்பிட்டு முடியலையா?" என்பான்.

பின்னால் வந்த படங்களிலும் அவனுக்கு முழங்கால் இல்லை. இந்தத் திருவிழாவுக்குப் புதுப்படம் என்று தெரிந்ததும், செல்லசாமி தானே டவுனுக்குப் போய்க் கறுப்பு அட்டை வாங்கி வந்தான். நாகலெட்சுமி கேட்காமல் அவன் வாங்கி வந்த முதல் பொருள்.

"இந்தா புள்ள. இந்தத் தடவையாவது எனக்கு முழங்கால் வை."

"எதுக்குங்க?"

"எதுக்கா? ஃபெக்டரில நாள் முச்சூடும் நின்னுக்கிட்டே வேலை செய்யிறேன். நீ ஒக்கார வச்சே ஊருக்குக் காட்டுற!"

"படம் லயத்து வீட்டுக்குள்ளதானே நடக்குது? ஃபெக்டரிய நான் எங்க பார்த்தேன்? வீட்டுக்குள்ள எந்திரிச்சு ஒரு வேலை செஞ்சதச் சொல்லுங்க, வெட்டுறேன்."

செல்லசாமி கூரைத் தகரத்தைப் பார்த்து யோசித்தான். "போன தீபாவளிக்கு பல்பு மாத்தினேன்ல?"

"அது பொன்னையா அண்ணன் மாத்துனது. நீங்க ஒக்காந்துக்கிட்டு, வலது பக்கம் திருப்புன்னு சொன்னீங்க."

வழக்கு அதோடு தோற்றது. மிச்சமிருந்தது கெஞ்சல்தான். "ஊரு சிரிக்குது புள்ள. மகளோட கூட்டாளிப் புள்ளைங்ககூட சிரிக்குதுங்க."

அவள் புது அட்டையை விரித்து, தொடை வரை வரைந்து, பென்சிலை நிறுத்தினாள்.

"எந்த இடத்துல மடங்கும்னு எனக்குத் தெரியலங்க. அந்தக் குடத்த எடுத்துக்கிட்டுப் போயி பீலிக் குழாய்ல தண்ணி புடிச்சிட்டு வாங்க. நான் வாசல்ல நின்னு பார்க்கிறேன்."