ஜாமீன் மாடு

எங்கள் அப்பாவுக்கு மல்லாட்டை வாயதா என்றால் ஒரு கிறுக்கு. நிலத்தில் கடலைச் செடி அப்போதுதான் பூத்திருக்கும். கார்த்திகையில் தரப்போகும் மூட்டைகளுக்குத் திண்டிவனம் மண்டியில் ஆடியிலேயே விலை பேசிவிட்டு வருவார். விலை ஏறினால் வேறு மண்டிக்கு ஓடிவிடக் கூடாதே என்று முதலாளி ஜாமீன் கேட்பார். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அப்பா ஜாமீனாகக் கட்டிவிட்டு வந்தது அம்மாவின் சினைப்பசுவை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பி அப்போது கைக்குழந்தை. தாய்ப்பால் போதாமல் கேப்பைக் கூழை வடிகட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பசு கன்று போட்டால் பிள்ளை தேறிவிடும் என்றுதான் அம்மா காத்திருந்தார். அது மண்டிக் கொட்டகையில் கன்று போட்டது. சேதி வந்ததும் தம்பியை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, அம்மா செம்போடு கிளம்பிவிட்டார். நடக்கிற தூரம்தான், நானும் பின்னாலேயே போனேன்.

“தீனி நான் போடறேம்மா. பாலு எனக்குத்தானே சேரும்?” என்றார் முதலாளி.

“மாட்டைத்தாங்க ஜாமீன் வெச்சாரு, பாலை வெக்கல. வாரத்துக்கு வளக்கக் குடுத்த மாட்டுலயே ஊர்ல சொந்தக்காரனுக்குப் பாதி உண்டுங்களே.”

முதலாளி மசியவில்லை. அவருடைய ஆள் கறக்க உட்கார்ந்தான். பசு விட்ட உதையில் செம்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அம்மா கை வைத்த பிறகுதான் சுரந்தது. அந்த மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. இரண்டு வேளையும் அம்மாவே கறப்பது, காலைப் பால் மண்டிக்கு, சாயங்காலப் பால் எங்களுக்கு என்று முடிவாயிற்று.

தம்பிக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கார்த்திகையில் மல்லாட்டை விலை எகிறியது. வேறு மண்டிக்காரர்கள் ஆசை காட்டினார்கள். மாடு அங்கே கட்டிக் கிடக்கிறதே, அப்பா வாயை மூடிக்கொண்டு பேசிய விலைக்கே போட்டார். பசுவும் கன்றும் வீடு வந்தன.

வீட்டில் வெறும் வைக்கோல்தான். இரண்டு வேளை கறந்தும், மண்டியில் கிடைத்த பாதிக்குக் கூட வரவில்லை.

அடுத்த ஆடியில் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “இந்த வருசம் வாயதாவே வேணாம்னு இருக்கேன்.”

அம்மா கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“பேசாம போயி வெலை பேசுங்க. மாட்டையும் ஓட்டிக்கினு போங்க. அங்கதான் புண்ணாக்கு போடறாங்க. புள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் பாலு வேணும்.”