ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய கம்ப்ரசர்

முப்பிடாதிக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்து, ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவள். சிங்கப்பெருமாள் கோவிலில் ஊர்த்தோழி செல்வலட்சுமியோடு ஓர் அறையில் குடியிருந்தாள்.

2012 ஜூனில், சுற்றுச்சூழல் தினத்தன்று ஆலையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பூமி சூடாகாமல் இருக்க, தினமும் ஒரு மணி நேரம் அறையின் மின்விசிறியை நிறுத்துவதாக உறுதிமொழி. மற்றவர்கள் அன்று கொடுத்த லட்டைத் தின்றுவிட்டு மறந்துபோனார்கள். முப்பிடாதி மூன்று மணி நேரம் நிறுத்தினாள்.

"கரண்டு இருக்கப்பவும் நீயே கட் பண்ணுதியே ஏட்டி, உலகம் குளுருததுக்குள்ள நான் வெந்துருவேன்" என்றாள் செல்வலட்சுமி.

அடுத்த ஞாயிறு ஆலைக்கு விடுமுறை. பழுது பார்க்க முப்பிடாதியும் சூப்பர்வைசர் நிர்மலும் மட்டும் வந்திருந்தார்கள். இயந்திரங்கள் எல்லாம் நின்றிருக்க, அவற்றுக்குக் காற்று அனுப்பும் இரண்டு கம்ப்ரசர்களில் ஒன்று மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"லைன் நிக்குதே, இது யாருக்குண்ணே ஓடுது?"

"யாருக்கும் இல்லம்மா. பைப்புல அங்கங்க லீக்கு. ஊதிக்கினே கீது. வந்த நாள்லேர்ந்து அப்டிதான்."

அவள் மோட்டாரின் தகட்டைப் பார்த்தாள். எழுபத்தைந்து கிலோவாட். மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆயிரம் மின்விசிறிக்கான மின்சாரம். ஒன்றைத்தான் அவள் நிறுத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாச்சும்மா?" என்று நிர்மல் பயந்துபோனான்.

"ஒரு வாளி சோப்புத் தண்ணி வேணும்ண்ணே."

பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினார்கள். லீக் இருந்த இடமெல்லாம் நுரை பொங்கியது. சில இடத்தில் குமிழிகள் பறந்தே போயின. முதலில் முணுமுணுத்த நிர்மல், பிறகு ஏணியில் நின்றுகொண்டு, "இங்க ஒண்ணு, இங்க பாரு, ரெட்டைப் புள்ள" என்று கூவத் தொடங்கினான். பார்சல் கட்டும் சிவப்பு நாடாவை ஓட்டைக்கு ஒன்றாகக் கட்டினார்கள். மாலைக்குள் நூற்று எண்பத்து மூன்று.

திங்கள் காலை, கொடித் திருவிழா போலச் சிவந்து கிடந்த ஆலைக்குள் மேலாளர் ரகுபதி நுழைந்தார்.

"யார் வேலை இது?"

"நான்தான் சார்" என்றாள் முப்பிடாதி. "நம்ம ஆளுங்க எல்லாரும் ராத்திரி பகலா ஃபேன நிறுத்துனாலும், இந்த நாடா கட்டுன இடத்துல போறதுக்கு ஈடாவாது சார். கையெழுத்து கம்பெனியும் போடணும்."

ரகுபதி ஒரு நாடாவின் பக்கம் காதை வைத்தார். உஸ்ஸென்ற காற்றில் அவர் தலைமுடி எழுந்து நின்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

லீக்குகளை அடைக்க ஆறு வாரமாயிற்று. விடுமுறை நாளில் காற்று வால்வை மூடவேண்டும், மாதம் ஒருமுறை சோதிக்கவேண்டும் என்று ஆலை உத்தரவும் போட்டது. இரண்டு கம்ப்ரசரில் ஒன்றே போதுமென்றானபோது, மற்றதை நிறுத்தும் பொத்தானை முப்பிடாதியையே அழுத்தச் சொன்னார்கள். இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியது. அந்த அமைதியில் எங்கோ ஒரு காக்கை கரைவது ஆலைக்குள் கேட்டது. நிர்மலின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு வல்லம் பக்கத்து ஆலையிலிருந்தும் லீக் தேட அவர்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பைக்கில் போகும்போது நிர்மல் கேட்டான்: "அங்க எத்தினி இருக்கும்னு நெனைக்கிற?"

"முந்நூறாவது இருக்கும்லா" என்றாள் அவள், விருந்துக்குப் போகிறவள்போல.