முப்பத்தொன்றாம் தாள்

மகள் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நெடி ஏறியதும் எனக்கு ஜெனிட்டாவின் இமைமுடி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காதல் கதை இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கூடத்தில் நாங்கள் இருவரும் டெக்னீஷியன்கள். திசுவை வெட்டினால் சீவல்கள் தண்ணீரில் மிதக்கும். அவற்றை ஒதுக்க, இமைமுடி ஒன்றைக் குச்சியில் நகப் பாலிஷால் ஒட்டி வைத்திருப்போம். என் இமை எதற்கும் ஆகாது. அவளுடையதுதான் வளையாமல் நிற்கும்.

வெட்டும்போது விசிறி போடக் கூடாது, மூச்சைக்கூட அடக்கித்தான் விட வேண்டும். மதுரைச் சித்திரையில் செய்து பாருங்கள், தெரியும்.

அப்படி ஒரு சித்திரையில் வந்தது அவள் தம்பி மைக்கேலின் தொடைச்சதை. பேரையூரில் வாத்தியாராக இருந்தவன், திடீரென்று படி ஏற முடியாமல் போனான். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளைப் பார்க்க அறுபது சீவல் வெட்டினோம். ஒவ்வொன்றின் படத்தையும் கண்ணாடித் தாளில் வரைந்து, வரிசையாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் முழு உருவம் தெரியும். மடிப்பு அறாமல் இருந்தால் தம்பி பிழைப்பான் என்று ஜெனிட்டா தானாகவே ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. நான் மறுக்கவில்லை.

முப்பத்தொன்றாவது சீவலைத் தொலைத்தது நான்தான். புழுக்கம் தாங்காமல் விசிறி சுவிட்சைத் தட்டினேன், சீவல் பறந்தே போய்விட்டது. முப்பதில் மடிப்பு நூலாக மெலிந்திருந்தது, முப்பத்திரண்டில் மறுபடி தெரிந்தது. நடுவில் என்ன ஆனதோ, முப்பத்தொன்றாம் தாளில் நானே ஒரு கோடு இழுத்துச் சேர்த்தேன். வழக்கமான மைப்பேனா ஜெனிட்டாவிடம் இருந்ததால், அழியாத மார்க்கரில்.

அடுக்கை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள்.

“சேந்துதான இருக்குண்ணே?”

“சேந்துதாம்மா இருக்கு.”

“அம்புட்டுப் போதும்ணே. அம்மாட்ட சொல்லிர்றேன்.”

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே மைக்கேல் இறந்துவிட்டான். கல்லறைத் தோட்டத்தில் என்னிடம் வந்து, “உள்ள எல்லாம் சேந்துதானண்ணே இருந்துச்சு?” என்றாள். தலையாட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்போது மெஷினே வெட்டுகிறது, மெஷினே அடுக்குகிறது. இமைமுடியும் வேண்டாம், நாங்களும் வேண்டாம். ஜெனிட்டா எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டாள். போன மாதம் பழைய கூடத்தைக் காலிசெய்தபோது அந்தத் தாள்கட்டு கைக்கு வந்தது. கூரை ஒழுகி, மைக்கேலின் கோடுகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. ஒரே ஒரு தாளில் மட்டும் கறுப்பு அப்படியே இருந்தது. நான் வரைந்தது.