மூடித் திறந்தாலும் போகாத வரி

கல்லடி ஊர்க்காரி மேர்லினைப் பகைத்தவன் உருப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் தன் சடையில் சூயிங்கம் ஒட்டியவளோடு ஓ.எல். பரீட்சை முடியும்வரை பேசாதவள் அவள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து, வாவியோரத்து மென்பொருள் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் குணம் மாறவில்லை.

அங்கே அவளுடைய சொத்து ஒரு கோப்பு. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்ததும் முதலில் ஓடுவது அதுதான். நீண்ட கட்டளைகளுக்கு அதில் குட்டிப் பெயர்கள் வைத்திருந்தாள். தவறுதலாக எதையாவது அழிக்கப்போனால் "உண்மையாவா?" என்று மறித்துக் கேட்கும். ஒவ்வொரு வரியும் அவள் பட்டுத் தெளிந்தது.

வேலையில் அவளுக்கு மூத்தவனான டிலுக்ஷன், "ஒருக்கா தா புள்ள, பாத்துட்டுத் தாறன்" என்று அதை வாங்கினான். தானே எழுதியதாக முதலாளி வின்சன்றிடம் காட்டி அணித்தலைவனும் ஆனான். இனி எல்லாக் கணினியிலும் அந்தக் கோப்பு அவன் பெயரோடு ஏறப்போகிறது. வெள்ளிக்கிழமை அறிமுகக் கூட்டம். மேர்லின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"விடு மகள், தேவன் பாத்துக்குவார்" என்றார் அம்மா.

"அவருக்கு ஆயிரம் வேலை. இத நான் பாக்கன்."

டிலுக்ஷனுக்கு ஒரு பழக்கம். அவள் கோப்பைத் திருத்தும் போதெல்லாம் அவள் கணினியிலிருந்து புதியதை அப்படியே எடுத்துக்கொள்வான், ஒரு வரிகூட வாசிக்கமாட்டான். மேர்லின் அதில் புதிதாகச் சில வரிகள் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை மட்டும், அவளல்லாத எவர் திறந்தாலும் அவை வேலை செய்யும். அவன் வியாழனே எடுத்துவிட்டான். திறந்து பார்த்தான், எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

கூட்டத்தில் பெரிய திரையில் டிலுக்ஷன் கறுப்புத் திரையைத் திறந்தான். கொட்டை எழுத்தில் வந்தது: "இதை எழுதியவள் மேர்லின்."

பதறி மூடித் திறந்தான். திறக்கும்போதெல்லாம் ஓடுகிற கோப்பு, மூடினால் போய்விடுமா? "திரும்பத் திறந்ததுக்கு நன்றி. எழுதியவள் இப்பவும் மேர்லின்தான்." பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"டிலுக்ஷன், அத எடுத்துடுங்க" என்றார் வின்சன்ற்.

கோப்புக்குள் எந்த வரி எங்கே என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவள் இருந்த வரிசைக்கு வந்து குனிந்து கேட்டான்: "மேர்லின்... இத எங்க போய் அழிக்கிற?"

"நீங்க எழுதினதுதானே அண்ணா. உங்களுக்குத் தெரியாததா?"

வின்சன்றின் பார்வை திரையிலிருந்து டிலுக்ஷனிடம் போய் அங்கேயே நின்றது. பிறகு சொன்னார்: "மேர்லின், நீங்க முன்னுக்கு வாங்க. நீங்களே காட்டுங்க."

அவள் போனாள், கோப்பின் ஒவ்வொரு பகுதியையும் நிதானமாக விளக்கினாள். அந்த வரியை மட்டும் கூட்டம் முடியும்வரை அழிக்கவில்லை.