சுவரைத் தொடாத கை

என் மூத்த மகள் செல்வி ஒரகடம் அருகே எங்கள் வயல் கிணற்றில்தான் முதுகு நீச்சல் பழகினாள். சுவரைக் கையால் தொட்ட பிறகே திரும்ப வேண்டும் என்பது அப்போதைய போட்டி விதி. கருங்கல்லில் உரசி அவள் விரல்கள் எப்போதும் தோலுரிந்திருக்கும்.

1991-இல் அந்த விதி மாறியது. திரும்பும் இடத்தில் குப்புறப் புரண்டு, நிற்காமல் குட்டிக்கரணம் போட்டு, காலால் சுவரைத் தொட்டால் போதும். உதைத்துக் கிளம்பும்போது மல்லாந்திருக்க வேண்டும். பள்ளி விளையாட்டு ஆசிரியை சொல்லிக்கொடுக்க, அப்படியே பழகினாள்.

மாநில அணிக்கான தேர்வு அதே ஆண்டு சென்னையில் நடந்தது. வயது வரம்பின்படி அதுவே அவளுக்குக் கடைசி வாய்ப்பு. செல்விதான் முதலில் வந்தாள். ஆனால் நடுவர் அவளைத் தகுதி நீக்கம் செய்தார். ஏன் என்று அவரிடம் போய்க் கேட்டேன்.

"பொண்ணு கை சுவத்துல படவே இல்லியே சார்."

"விதி மாறிடுச்சே சார்?"

"எங்களுக்கு இன்னும் சர்க்குலர் வரல. கெணத்துல அடிக்கிற கரணத்தை இங்க வந்து அடிச்சா எப்டி?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவதாக வந்த பெண்ணை அணியில் சேர்த்தார்கள்.

மறு மாதம், புதிய விதியே செல்லும் என்று அதே நடுவர் ஆசிரியையிடம் தெரிவித்தார். தேர்வு முடிந்துவிட்டதால் முடிவை மாற்ற முடியாதாம்.

"அப்போ நான் பண்ணது கரெக்டுதானேப்பா? இன்னாத்துக்கு என்னைத் தூக்குனாங்க?" என்றாள் செல்வி.

இப்போது எந்தப் போட்டியானாலும், திரும்பும்போது எது செல்லும் என்று நடுவரிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். பதில் வாங்கிய பிறகே இளைய மகளை நீரில் இறங்க விடுகிறேன். செல்வி அந்தப் பக்கமே வருவதில்லை.